வலது கைப்பக்கம் திரும்பாத வகுப்பு

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலாக இமயமலைக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம், வெள்ளமுனை ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் உட்கார்ந்து ஷூ கழற்றிய பிள்ளைகளின் சாக்ஸுக்குள்ளிருந்து பனி உதிர்ந்தது. உப்பளத்து ஊர் அது, வெள்ளையாக எது உதிர்ந்தாலும் உப்பு என்று நினைத்தே பழகிய கண்கள், ஆகவே தாய்மார்கள் "அளத்துப் பக்கம் ஆடப் போகாதன்னு எத்தன மட்டம் சொல்லுதது" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு வாரியலை எடுத்துக் கூட்டப் போனார்கள். கூட்டக் கூட்ட அது கரைந்தது, கரைந்த இடம் விறுவிறுவென்று குளிர்ந்தது, குளிர்ந்த சிமெண்டுத் தரையில் பூனைகள் வந்து வரிசையாகப் படுத்துக்கொண்டன. "எங்கட்டிப் போன?" என்று கேட்டதற்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "டெல்பின் மிஸ் கூட்டிட்டுப் போனாங்க."

அறையை விட்டு ஒரு பிள்ளையும் வெளியே போகவில்லை. அதற்கு ஆயாம்மா சாட்சி. பாட நேரம் முழுக்க வகுப்பு வாசலில் ஸ்டூல் போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அவள்தான்.

டெல்பின் அந்தக் கான்வென்ட்டிலேயே படித்து, அந்தக் கான்வென்ட்டிலேயே டீச்சராகி, தன் மகள் பெனிட்டாவையும் அங்கேயே சேர்த்து, போன ஜூனிலிருந்து அவளுக்கே வகுப்பு டீச்சராகவும் ஆகிவிட்டவள். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே உலகப் படத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது; முதலில் ஆப்பிரிக்கா பொடிந்து விழுந்தது, அப்புறம் ரஷ்யா ஓரத்திலிருந்து சுருண்டது, கடைசியில் ஆணியும் கயிறும் மட்டும் சுவரில் நின்றன. காட்டுவதற்கு ஒன்றுமில்லாத டீச்சர் வேறென்ன செய்வாள், கதை சொன்னாள். "கிளம்பலாமா?" என்பாள். "கிளம்பலாம் மிஸ்!" என்று கூரை அதிரும். "கண்ண மூடியாச்சா? பக்கத்துப் பிள்ளை கையப் பிடிச்சாச்சா? கான்வென்ட் கேட்டைத் தாண்டுதோம். இடது கைப்பக்கம் திரும்புதோம்." இடது கைப்பக்கம் மார்க்கெட், மார்க்கெட்டைத் தாண்டினால் மாதா கோவில், கோவிலுக்கு அந்தப் பக்கம் ரயில் நிலையம், கடைசியில் துறைமுகம். உலகத்தில் எந்த ஊருக்குப் போவதானாலும் டெல்பின் மிஸ்ஸின் வகுப்பு கான்வென்ட் கேட்டில்தான் கிளம்பும், இடது கைப்பக்கம்தான் திரும்பும், ரயிலிலோ கப்பலிலோ ஏறும், ஊர் ஊராகப் பேர் சொல்லிக் கடக்கும், போய்ச் சேரும்.

பாடப் புத்தகத்தின் முதல் பாடம் 'நமது மாவட்டம்'. அதை அவள் நடத்தவில்லை. "அதுதான் உங்களுக்கே தெரியும்லா" என்று சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்த படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தபடியே பக்கத்தைத் திருப்பி, நேரே இமயமலைக்கு வந்துவிட்டாள்.

இமயமலைக்கு அடுத்து தார்ப் பாலைவனம் வந்தது, பிள்ளைகள் டவுசர் பையெல்லாம் மணலோடும், உதடு வெடித்தும், ஒட்டக வாடையோடும் திரும்பினார்கள். அசாம் போன அன்று ஊர் முழுக்கத் தேயிலை வாசம் அடித்ததில் டீக்கடைக்காரர் யாவாரம் படுத்துவிட்டது என்று குறைப்பட்டார். ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முதல் வாரம் வாயைப் பிளந்தது, இரண்டாம் வாரம் வாயை மூடிக்கொண்டு யோசித்தது, மூன்றாம் வாரத்திலிருந்து தன் சௌகரியத்தைப் பார்க்க ஆரம்பித்தது. "நாளைக்கு எந்த ஊரு மிஸ்?" என்று கேட்டுவரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினார்கள், குளிர் ஊர் என்றால் தொப்பி, ஆற்றுப் பாடம் என்றால் மாற்று உடுப்பு, காட்டுப் பாடம் என்றால் காலுக்கு மண்ணெண்ணெய். பங்குச் சாமியார் யோர்தான் நதிக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார், மூடியோடு. டெல்பினின் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் இட்லி மாவு அரைத்து விற்கிறவள்; அவள் மகள் ஷைனியின் சாக்ஸில் வந்த பனியைத் தட்டி எடுத்து மாவுச் சட்டியைச் சுற்றி அடுக்கி வைத்து, "மாவு புளிக்கவே இல்ல டீச்சர். வாரத்துக்கு ஒரு நா இமயமலை போட்டுக் குடுத்தீங்கன்னா எனக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம்" என்றாள்.

சிரபுஞ்சிப் பாடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் உப்பளத்திலிருந்து முத்துக்கனி நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். அவள் மகன் கதிரேசனும் மூன்றாம் வகுப்புதான். காலில் உப்பு வெடிப்பும், தலையில் சும்மாடுமாக நின்று, "டீச்சரம்மா, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன், சிரபுஞ்சிய ஐப்பசிக்கு வச்சிக்கிடுங்க. இப்பந்தான் பாத்தியில உப்பு பூத்திருக்கு. இந்தப் பய அந்த மழையோட வந்து பாத்தியில எறங்குனாம்னா நாங்க என்னத்தத் திங்கதுக்கு?" என்றாள். தலைமை ஆசிரியை சிஸ்டர் கொர்னேலியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, சிரபுஞ்சியை அரையாண்டுத் தேர்வுக்கு அப்பால் தள்ளி வைத்தார். போகும்போது முத்துக்கனி திரும்பிப் பார்த்து, "பாலைவனம் சொல்லுங்க டீச்சர். அது ரெண்டு மட்டம் சொன்னாலும் ஒண்ணுமில்ல" என்றாள்.

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது டெல்பின் மட்டும் பயந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பாடமும் முடிந்து "கண்ணைத் திறங்க" என்று சொல்வதற்கு முன்னால் அவள் கண் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு ஓடும். போன இடத்தில் யார் கையாவது நழுவியிருந்தால், திரும்பும்போது ஒரு பிள்ளை குறைந்திருந்தால், அந்தத் தாயிடம் என்ன சொல்ல? பயத்துக்கு உள்ளே இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரின் காலிலும் உலகம் ஒட்டிக்கொண்டு வந்தது, ஆயாம்மாவின் கீரையில்கூட ஒருதரம் அசாம் தேயிலை கிடந்தது, ஆனால் சொன்னவளின் கால் மட்டும் காய்ந்தே இருந்தது. செருப்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாள். ஒரு மணல்கூட விழாது. உன்னை நம்பி நாங்கள் வரமாட்டோம் என்று மலையும் ஆறும் சேர்ந்து சொன்னதுபோல் இருக்கும்.

காரணம் அவளுக்குத் தெரியும்.

அவள் கணவன் ஆன்றோ கப்பலில் இல்லை. கப்பலில் இருப்பதாக ஊரில் சொல்லியிருந்தாள். மாதா கோவிலில் திருவிழாக் கொடி ஏறின வாரம், ஒரு தோள்பையோடு வீட்டை விட்டு இறங்கினவன், தேரிக்காட்டுக்குள்ளே ஒத்தப்பனைவிளை என்கிற ஊரில் முந்திரித்தோப்பு வைத்திருந்த ஒரு பெண்ணோடு இருந்தான். கைக்குழந்தை ஒன்றும் இருப்பதாகக் கேள்வி. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் பிசகாமல் சொல்லத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. முதலில் மகளிடம் கப்பல் என்றாள், பிள்ளை நம்பியதும் டீச்சர்கள் அறையில் கப்பல் என்றாள், பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட அந்தப் பாவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள். துறைமுகத்து ஃபாரின் கடையில் சாக்லேட் டப்பா வாங்கி, விலை ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, "அப்பா அனுப்பினாங்க" என்று பெனிட்டாவிடம் கொடுத்திருக்கிறாள். பிள்ளை டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "அப்பா எந்த ஊர்லம்மா இருக்காங்க?" என்று கேட்டாள். வாயில் வந்த ஊர், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சான்சிபார்.

அந்த ஊர் அவள் கழுத்தில் வந்து விழ வெகுநாள் ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னைக்கு எங்க போவோம்?" என்று கேட்டபோது, கதிரேசன் எழுந்து, "மிஸ், பெனிட்டா அப்பா இருக்காவள்லா, அந்த ஊரு" என்றான். "ஆமா மிஸ்! ஆமா மிஸ்!" என்று வகுப்பு மேசையைத் தட்டியது. பெனிட்டா தட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் அவள் அம்மாவை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிடுவாள், கேட்டைத் தாண்டின அடுத்த அடியில் அம்மா என்பாள், ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. அன்று அவள் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளையும்போல, மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பின் சொன்னாள். வேறு வழி? கான்வென்ட் கேட்டைத் தாண்டினாள், இடது கைப்பக்கம் திரும்பினாள், துறைமுகத்தில் எல்லாரையும் கப்பலில் ஏற்றினாள், கொழும்பைக் கண்ணால் காட்டிவிட்டு, மாலத்தீவை ஒட்டிப் போய், நீலம் கறுப்பாகிற ஆழத்தில் பறவை மீன்களை எழுப்பிவிட்டு, பாய்களில் கிராம்பு காய்கிற தெருவழியாகப் பிள்ளைகளை நடத்தி, "அங்க ஒரு கப்பல் நிக்குது, அதுல ஒருத்தங்க கையசைக்காங்க" என்றபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

அன்று ஊரெல்லாம் கிராம்பு மணத்தது. ஷைனியின் பினாஃபோர் பையிலிருந்து ஒரு கைப்பிடி கிராம்பை எடுத்து மரியபுஷ்பம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு எடுத்து வைத்தாள். பெனிட்டாவின் மேல் மட்டும் கிராம்பு வாசம் இல்லை. அவளுடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கணுக்கால் வரைக்கும், செங்கல்பொடியை அள்ளிப் பூசினதுபோல் சிவந்திருந்தது.

அந்தச் சிவப்பு உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று அந்த மாவட்டத்தில் பிறந்த யாரும் சொல்வார்கள். காற்று தூக்கித் தூக்கி மேடு கட்டுகிற மண், இன்றைக்கு இருந்த மேடு நாளைக்கு இருக்காது, நடந்தால் முழங்கால் வரை உள்வாங்கும், துணியில் பட்டால் வண்ணானும் கைவிரித்துவிடுவான். தேரி மண்.

டெல்பின் அந்த ஷூவைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், சொட்டுநீலம் விட்டாள், கடைசியில் சாக்பீஸைக் குழைத்து அப்பினாள். காய்ந்ததும் வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. அடுத்த பாடம் காஷ்மீர், எல்லாருக்கும் ஆப்பிள் வாசம், பெனிட்டாவுக்குத் தேரி மண். அதற்கடுத்து அண்டார்டிகா. மற்ற பிள்ளைகள் பல் கிட்டித்துப்போய்த் திரும்பினார்கள். இவள் வேர்த்துப்போய், கன்னம் கறுத்து, சிவந்த காலோடு கண்ணைத் திறந்தாள்.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அதைப் பார்த்தார்கள். மரியபுஷ்பம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆப்பிரிக்காவுல செம்மண்ணுதான டீச்சர். டிவில காட்டுதாம்லா. பிள்ளை அப்பா ஞாபகத்துல அங்கயே நின்னுருக்கும், பாவம்." முத்துக்கனி குனிந்து, ஷூ ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து, மண்ணையும் உப்பையும் விரலாலேயே தரம் பிரிக்கிறவள், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து டெல்பினின் முகத்தைப் பார்த்தாள். "ஆப்பிரிக்காவேதான்" என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் டெல்பினுக்கு உறைத்தது. இவர்களுக்குத் தெரியும். இன்று நேற்றல்ல, கொடி ஏறின வாரத்திலிருந்தே தெரியும், கப்பல் கப்பல் என்று அவள் சொன்னபோதெல்லாம் தலையாட்டினது முழுக்கத் தெரிந்துகொண்டே ஆட்டினது. காறித் துப்பியிருந்தால்கூட அவள் நிமிர்ந்து நின்றிருப்பாள். இந்தத் தலையாட்டலுக்கு முன்னால் நிற்கத்தான் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். "எல்லாரும் போற இடத்துக்கு நீ ஏன் போக மாட்டேங்க? எங்க போற? சொல்லு, எங்க போற?" பெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டெல்பின் அவள் தொடையில் கிள்ளினாள். பாவாடைக்கு உள்ளே, வெளியே தெரியாத இடத்தில். அதுவும் கான்வென்ட் கற்றுக்கொடுத்ததுதான். பிள்ளை சத்தமே போடவில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்தது. "எல்லார்கூடயுந்தாம்மா போறேன்" என்றாள். கிள்ளின கையை டெல்பின் அன்று முழுக்க எங்கே வைப்பது என்று தெரியாமல் திரிந்தாள். அரிசி களையும்போதும் அந்தக் கையைத் தவிர்த்து மற்றக் கையால் களைந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் ஒரு காட்சியைப் பார்த்தாள். பள்ளிக்குக் கிளம்புகிற நேரம், மதிலுக்கு அந்தப் பக்கம் டக்கு டக்கு என்று சத்தம். எட்டிப் பார்த்தால், மரியபுஷ்பம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மிக்குழவியால் ஒரு உடைந்த செங்கலை இடித்துக்கொண்டிருந்தாள். இடித்த பொடியைக் கையில் அள்ளி, முந்தின நாள்தான் வெள்ளையடித்து வெயிலில் காயவைத்திருந்த ஷைனியின் ஷூவில் அழுத்தி அழுத்திப் பூசினாள். "ஏம்மா அழுக்காக்குத?" என்று ஷைனி சிணுங்கினாள். "சும்மா கெட. ஒருத்தி மட்டும் செவப்பா நின்னா நாலு பேரு கேப்பாவ. எல்லாருஞ் செவப்பா இருந்தா யாரு கேக்கப் போறா? கதிரேசன் வீட்டுலயும் இடிக்காவ."

அன்று அசெம்பிளியில் மூன்றாம் வகுப்பு வரிசை முழுவதும் செங்கல்பொடி ஷூவோடு நின்றது. சிஸ்டர் கொர்னேலியா வரிசை நெடுக நடந்து பார்த்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். டெல்பின் கண்ணை மூடிக்கொண்டாள். பரலோகத்தில் இருக்கிற பிதாவைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றோடு கதையை நிறுத்தினாள். கேள்வியையும் பதிலையும் போர்டில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நைல் நதி எங்கே உற்பத்தியாகிறது? கோடிட்ட இடத்தை நிரப்புக. பிள்ளைகள் எழுதினார்கள், எழுதிவிட்டுக் காய்ந்த காலோடு வீட்டுக்குப் போனார்கள். ஊர் சப்பென்று ஆகிவிட்டது. டீக்கடைக்காரர்கூட, "அந்தத் தேயில வாசம் வராம கடையே கடையா இல்ல" என்றார். மரியபுஷ்பத்தின் மாவு புளித்தது. "டீச்சருக்கு ஒடம்புக்கு முடியலயோ" என்று பிள்ளைகளிடம் கேட்டு, கேட்ட கையோடு ஒரு கிண்ணம் ரசமும் கொடுத்தனுப்பினாள். அந்த ரசத்தையும் டெல்பின் குடிக்கத்தான் செய்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், பின்வாசல் துவைகல்லில் உட்கார்ந்து பெனிட்டாவின் ஷூவுக்கு வெள்ளை அப்பிக்கொண்டிருந்தாள். கொடியில் துணி காய்ந்தது. பெனிட்டா வந்து எதிரே சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். சும்மா உட்காரவில்லை, பெஞ்சில் உட்காருவதுபோல் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, வலது கையை மட்டும் உயர்த்தினாள்.

"மிஸ்."

டெல்பின் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்குள் அந்தப் பிள்ளை அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"என்னட்டி விளையாட்டு?"

"மிஸ், ஒரு டவுட்."

ஷூவும் சாக்பீஸுமாகக் கை அந்தரத்தில் நின்றது. வகுப்பில் ஒரு பிள்ளை டவுட் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அது டெல்பின் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். "கேளு" என்றாள்.

"கப்பலுக்குப் போறவங்க கான்வென்ட் கேட்லருந்து எந்தப் பக்கம் திரும்பணும் மிஸ்?"

"இடது பக்கம்."

"துறைமுகம் அங்கதான இருக்கு?"

"ஆமா."

"அன்னைக்கு அப்பா பைய எடுத்துட்டுப் போனாங்கள்ல, நான் கிளாஸ் ஜன்னல்லருந்து பாத்தேன் மிஸ். நம்ம கேட்டத் தாண்டி வலது கைப்பக்கம் போனாங்க. நீங்க ஒரு நாள்கூட வலது கைப்பக்கம் கூட்டிட்டுப் போகல. அதான் நானே திரும்பிப் பாத்தேன்." பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே சீராகச் சொன்னாள். "பெட்ரோல் பங்க் வந்துச்சு. மரக்கடை வந்துச்சு. வேப்பமரத்துல பஸ் நின்னுச்சு. ஏறுனேன்."

"யார் கையப் பிடிச்சிருந்த?" என்று டெல்பின் கேட்டாள். கேட்க வேண்டியது எத்தனையோ இருக்க, அவள் வாயில் வந்தது அதுதான்.

"யார் கையயும் பிடிக்கல மிஸ். தனியாத்தான் போனேன்."

வெயில் கொளுத்துகிற அந்த மத்தியானத்தில் டெல்பினுக்குக் குளிர்ந்தது. எந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்ல என்று இத்தனை நாளும் ஊரார் பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாளே, ஒவ்வொரு பாடத்திலும் நழுவிப் போன கை அவள் மகளின் கை.

"போயி?"

"அப்பா கயித்துக் கட்டில்ல உக்காந்து பாப்பாவுக்கு விசிறிட்டு இருந்தாங்க. என்னையப் பாத்ததும் எந்திச்சிட்டாங்க. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. தேரித் தண்ணி இனிக்கி மிஸ்." கட்டியிருந்த கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதன்னு சொன்னாங்க. அப்பாவப் பாத்தேன்னு சொன்னா அம்மா அழுவான்னாங்க. எனக்கும் தெரியும், அம்மாவுக்கு அந்தக் கப்பல்னா ரொம்ப இஷ்டம். அதான் சொல்லல." பிள்ளையின் குரல் அங்கேதான் முதல்முறையாக ஆடியது. "மிஸ்கிட்ட சொல்லலாம்லா மிஸ்? மிஸ்கிட்ட சொல்லாதன்னு யாரும் சொல்லல."

ஒரு பொய்யை மகளுக்காகச் சொல்வதாக டெல்பின் நினைத்திருந்தாள். அந்தப் பொய்யை மகள் அவளுக்காகத் தூக்கிக்கொண்டு, அப்பனுடைய ரகசியத்தையும் மறுகையில் எடுத்துக்கொண்டு, இரண்டும் சிந்தாமல், கிள்ளினபோதும் சிந்தாமல், நடந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. டெல்பின் துவைகல்லை விட்டு இறங்கி அந்தப் படிக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தாள். அந்தத் தொடையைத் தொடக் கை நீட்டினாள், கை அவளுக்கே அருவருப்பாக இருந்தது, பாவாடை ஓரத்தை மட்டும் தொட்டாள்.

"சொல்லலாம்" என்றாள். "மிஸ்கிட்ட எதையும் சொல்லலாம்."

திங்கட்கிழமை வந்தது. டெல்பின் போர்டில் ஒன்றும் எழுதவில்லை. "புக்க எடுங்க. முதல் பாடம்" என்றாள். பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பினார்கள். இத்தனை நாள் உள்ளங்கையால் மறைத்த படம் எல்லா மேசைகளிலும் திறந்து கிடந்தது, செக்கச்செவேலென்று, பனைகள் நடுவே. "மூடி வைங்க. பாத்தாச்சுல்லா. கிளம்பலாமா?"

எத்தனை நாளாகக் காத்திருந்த சத்தமோ, "கிளம்பலாம் மிஸ்!" என்றதில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. ஆயாம்மா கீரையை மடியில் கட்டிக்கொண்டு ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டாள்.

டெல்பின் மேசையை விட்டு நகர்ந்து வந்து, கடைசி பெஞ்சுவரை நடந்து, பெனிட்டாவின் கையைப் பிடித்தாள். இதுவரை அவள் எந்தப் பிள்ளையின் கையையும் பிடித்துக் கதை சொன்னதில்லை.

"கான்வென்ட் கேட்டைத் தாண்டுதோம். வலது கைப்பக்கம் திரும்புதோம்."

"மிஸ்," கதிரேசன் கண்ணை மூடியபடியே கையைத் தூக்கினான். "இடது கைப்பக்கம்லா?"

"இன்னைக்கு வலது."

பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, மரக்கடையைத் தாண்டி, வேப்பமரத்தடியில் நிற்கிற பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றி, அவரவர்க்கு ஜன்னலோரம் கொடுத்து, அவள் சொல்லிக்கொண்டே போனாள். உப்பளம் முடிகிற இடத்தையும், உடைமரம் தொடங்குகிற இடத்தையும், காற்றில் உப்பு வாசம் அறுந்து பதநீர் வாசம் ஏறுகிற வளைவையும், தார் ரோடு தன் கறுப்பை விட்டுக்கொடுத்து ஓரம் சிவந்து, நடுவும் சிவந்து, கடைசியில் ரோடே இல்லாமல் சிவப்பு மட்டும் இருக்கிற இடத்தையும் சொன்னாள். மழைக்காலத்தில் தேங்குகிற தண்ணீரை மணல் எப்படி அடியில் வைத்துக் காக்கிறது என்று சொன்னாள். காற்று ஒரு மேட்டை எப்படி இரவோடு இரவாக வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறது என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை, நடுங்குவதற்குப் பயணம் இடம் கொடுக்கவில்லை. "முந்திரித்தோப்பு வருது. ஒத்தையா ஒரு பனை. பனைக்குக் கீழ ஒரு வீடு." அங்கே நின்றாள். கைக்குள் இருந்த சின்னக் கை அசையாமல் இருந்தது. "அதுல பெனிட்டா அப்பா இருக்காங்க."

யாரோ ஒரு பிள்ளை மெல்ல, "கப்பல் மிஸ்?" என்றது.

"கப்பல் இல்ல. மிஸ் உங்களுக்கு அதத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். திருத்திக்கிடுங்க."

"சரி மிஸ்" என்றார்கள் எல்லாரும், கோடிட்ட இடத்தைத் திருத்தச் சொன்னால் சொல்வதுபோலவே.

வாசலில் சிஸ்டர் கொர்னேலியா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "தேரிக்காடு நம்ம பாடத்துல இருக்கா டெல்பின்?" என்றார்.

"முதல் பாடம் சிஸ்டர். நமது மாவட்டம். நாந்தான் விட்டுட்டேன்."

சிஸ்டரின் பார்வை டெல்பினின் முகத்திலிருந்து இறங்கித் தரையில் நின்றது. "கண்ணத் திறக்கச் சொல்லுங்க. மணியடிக்கப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

பெல் அடித்ததும் மூன்றாம் வகுப்பு சிவந்த காலோடு வெளியே கொட்டியது, கடையில் வாங்க முடியாத, அம்மிக்குழவியால் இடிக்க முடியாத சிவப்பு. கேட்டுக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த தாய்மார்கள் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் டெல்பின் வந்தாள், தலை குனிந்துதான் வந்தாள். குனிந்ததனால்தான் அவளுக்கே தெரிந்தது, தன் செருப்புக்குள்ளிருந்து ஒவ்வொரு அடிக்கும் மண் பிதுங்குவதும், விரலிடுக்கெல்லாம் சிவந்திருப்பதும், வகுப்பறையிலிருந்து கேட்வரை தன் காலடி மட்டும் பெரிய தடமாகப் பதிந்து கிடப்பதும். மறைக்க ஒன்றுமில்லை. சேலையை இழுத்துவிட்டால் தடம் மறையுமா?

கேட்டைத் தாண்டின அடுத்த அடியில் பெனிட்டா, "அம்மா" என்றாள்.

"என்ன?"

"அடுத்த மட்டம் போறப்ப அப்பா கேட்டாங்கன்னா? அம்மாகிட்ட சொன்னியான்னு?"

"மிஸ்தான் கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லு."

குழாயடியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முத்துக்கனி குடத்தின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். டெல்பினுக்கு அந்தத் தெரு எப்போதும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. ஆப்பிரிக்கா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மரியபுஷ்பம் பைப்பை அடைத்துவிட்டு நிமிர்ந்தாள். டெல்பினின் காலைப் பார்த்தாள், பிள்ளையின் காலைப் பார்த்தாள், நிறைந்திருந்த தன் குடத்தைத் தூக்கி அவர்கள் முன்னால் வைத்தாள்.

"நல்லாத் தேச்சுக் கழுவிட்டு ஏறுங்க டீச்சர்," என்றாள். "தேரி மண்ணு லேசுல போவாது."